விடிகாலை நாலு பத்து

லாரி என்ன நிறம் என்றார் ஏட்டு.
நீலம் என்றேன்.
கறுப்பாகவும் இருக்கலாம் என்றேன்.
ஒண்ணைச் சொல்லும்மா என்று
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

காசிமேட்டில், ஐஸ் கம்பெனி வளைவில்,
கம்பத்து விளக்கு எரியாத மூன்றாம் நாள்
மீன்பாடி வண்டியில் வந்த தேசப்பனை
இடித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் போனது அது,
ஹெட்லைட் போடாமல்.
பதினைந்தடி தள்ளி நான்,
கையில் கணவாய்ப் பை.
பார்த்தேன்.
என்ன பார்த்தேன் என்பதில்தான் தகராறு.

என் பிழைப்பே கண்கள், ஏட்டையா.
டாக்டர் பிள்ளைகள் கத்தி பிடித்துப் பழக
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் கண் வாங்கி
ஐஸ்பெட்டியில் வைத்துப் பஸ் ஏறுவேன்.
என்ன, மீனா? என்பார்கள் பக்கத்து சீட்டில்.
ஆட்டுக்கண்ணைத் திறந்தால் உள்ளே
நனைந்த வெங்காயச் சருகு மாதிரி விழித்திரை,
அதை உரித்தால் அடியில்
மயில் கழுத்து நீலம் பளபளக்கும்.
ஒருமுறை தப்பிய வெளிச்சத்தை
மறுமுறை பிடிக்க வைத்த கண்ணாடி அது.
பூனைக்கும் உண்டு. நமக்கு இல்லை.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களைச் சொல்கிறேன்,
எழுதிக்கொள்ளுங்கள்.
டீக்கடை வாசலில் கட்டிய ஆடு.
படுக்கைக் கோடாய் அதன் பாப்பா,
தலை திருப்பாமலே ரோட்டின் இரண்டு முனையும் தெரியும்.
போஸ்டரை மென்றபடி முழுவதையும் பார்த்தது.
சாக்கடையில் தவளை.
அதன் கண்ணே பாதி மூளை:
சின்னதாய் அசைந்தால் தீனி,
பெரிதாய்க் கவிந்தால் ஆபத்து,
மற்றதெல்லாம் மேலே போகாது.
லாரிக்கு முன்பே அது குதித்துவிட்டது.
மோசஸ் வீட்டு மாடியில் பந்தயப் புறாக்கள்.
நம் ட்யூப்லைட் அணைந்து அணைந்து எரிவதைக்கூட
எண்ணிவிடும் கண்கள்;
பகலாக இருந்திருந்தால்
சக்கரம் சக்கரமாய்ப் பிரித்துச் சொல்லியிருக்கும்.
இருட்டில் பாவம், அவையும் குருடு.

என் பையில் கணவாய்.
செத்ததுதான், ஆனாலும் கண்ணை மூடவில்லை.
அதன் விழித்திரை வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.
நடுவில் குருட்டுப் புள்ளி கிடையாது.
எதையும் வடிகட்டாமல் மூளைக்கு அனுப்பிவிடும்.
நிறம் மட்டும் தெரியாது அதற்கு.

நமக்கு எல்லாமே தலைகீழ்.
நரம்பையும் ரத்தக்குழாயையும் முன்னால் தொங்கவிட்டு
பின்னால் திரும்பி நிற்கிறது சுவர் பார்த்து.
பன்னிரண்டு கோடி செல் பார்க்கிறது,
பத்து லட்சம் கம்பிதான் வெளியே போகிறது.
நூற்றிருபது பேர் கண்டதை
ஒருத்தர் போய்ச் சொல்கிறார்,
எங்கள் வார்டு கவுன்சிலர் மாதிரி.

ஏட்டு சிரிக்கவில்லை.
நேரில் கண்ட சாட்சி, சரியாகப் பார்க்கவில்லை
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த வாரம் கேமராவில் தெரிந்தது:
லாரி சிவப்பு.

இருட்டில் முதலில் சாகிற நிறம் சிவப்பு.
கூம்பு செல்கள் உறங்கிப்போக
குச்சி செல்கள் மட்டும் விழித்திருக்கும்,
அவற்றுக்குச் சிவப்பும் கரியும் ஒன்று.
நீலம் என்றது மூளையின் கைவேலை.
இதை நான் டாக்டர் பிள்ளைகளுக்கே சொன்னதுண்டு,
பீக்கர் கழுவிக்கொண்டே.

தெரிந்தும்தான்,
தேசப்பன் இடுப்புக்குக் கீழே
கறுப்பாய் ஒன்று பரவி வந்தபோது
ஐஸ் உருகுகிறது என்று நினைத்தேன்.
செருப்பு நனையாமல் இருக்க
ஒரு அடி பின்னால் வைத்தேன்.
அந்த ஒரு அடியை எங்கேயும் எழுதவில்லை ஏட்டு.

ஸ்டான்லியில், எலும்பு வார்டில்,
காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.
லாரிய நீ பாத்தியாமே, என்றான்.
நீ? என்றேன்.
நா எங்க பாத்தேன்?
சாக்கு விலகி ஒரு கட்டி வழுக்கிக்கினே இருந்துச்சு,
அதையே பாத்துக்கினு வந்தேன்.